நான்காமவரின் குரலுக்கு நான் போட்ட மதிப்பெண்

நண்பனின் பிளெக்ஸ் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் உட்காரும் நாற்காலி கணினிக்கு வலப்பக்கம், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டிருக்கும். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. இடது கைப்பிடியில் ஒரு விரிசல் உண்டு. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தால் நான்கு நிமிடத்தில் கடை வந்துவிடும். பத்தே காலுக்குப் போவேன், பன்னிரண்டரைக்குக் கிளம்புவேன். பதினோரு வருடங்களாக இதில் மாற்றமில்லை. சென்ற தை மாதம் மூன்றாவது ஞாயிறு நான் போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

“வா மாப்ள, இங்கிட்டு உக்காரு” என்று நண்பன் பிரிண்டருக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியைக் காட்டினான். “அண்ணன் குவைத்துல இருந்து வந்திருக்காரு. சொந்த ஊரு கீரமங்கலம். நம்ம ஆளு.”

எங்கள் கடையில் ‘நம்ம ஆளு’ என்றால் அந்த உளவாளிப் படங்களை விடாமல் பார்க்கிறவர் என்று பொருள். வெளிநாட்டுப் படங்கள். நாங்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கி இன்னும் வந்துகொண்டிருப்பவை. உளவாளி ஒருவன்தான், அவனாக நடிக்கிறவர் மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுவார். ஒருவர் போய் இன்னொருவர் வரும்போதெல்லாம் உலகம் முழுக்க ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று கேள்வி. புதுக்கோட்டையில் அந்தச் சண்டை எங்கள் கடையில் நடக்கும்.

நடிகர்களை நாங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பெயர்கள் எங்கள் வாயில் சரியாக வராது என்பது ஒன்று. எண் வைத்துவிட்டால் வரிசை தெளிவாக இருக்கும் என்பது இன்னொன்று. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர், நான்காமவர். இந்த ஏற்பாடு என்னுடையது. நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். எல்லாப் புலத்துக்கும் எண் போட்டுப் பழகிய கை.

மதிப்பெண் நோட்டும் என்னுடையதுதான். கல்லூரியில் சேர்ந்த வருடம் வாங்கிய நீள நோட்டு. அட்டை இரண்டு முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு நடிகருக்கும் அவருடைய முதல் படத்தைத் திரையரங்கில் பார்த்த அன்றே, தூங்கப் போவதற்குள், ஆறு தலைப்புகளில் பத்துக்கு இவ்வளவு என்று போடுவேன்: நடை, குரல், உடை, சண்டை, சிரிப்பு, கதவு. கடைசித் தலைப்பைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஒரு உளவாளி ஒரு படத்தில் குறைந்தது இருபது கதவுகளைத் திறக்கிறான். அதைத் திறக்கும் விதத்தில் ஆள் தெரிந்துவிடும். முதலாமவர் எந்தக் கதவையும் தன் வீட்டுக் கதவு மாதிரித் திறப்பார். இரண்டாமவர் விருந்துக்கு வந்தவர் மாதிரி, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு. மூன்றாமவர் உள்ளே யாரோ தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது போல. நான்காமவருக்குக் கைப்பிடியே தேவையில்லை, தோள் போதும்.

முதல் இருவரையும் பழைய பிரதிகளில், காலைக் காட்சிகளில், ஆங்கிலத்திலேயே பார்த்தோம். வசனம் புரியாது, அதனால் அவர்களுக்குக் குரல் மதிப்பெண் எல்லோரும் சேர்ந்து ஊகமாகப் போட்டது. மூன்றாமவர் வந்தபோது படங்கள் தமிழில் பேச ஆரம்பித்தன. அப்போது எனக்கும் நண்பனுக்கும் பத்தொன்பது வயது. அவன் என் பக்கத்து இருக்கை. இடைவேளையில் முட்டை போண்டா வாங்கி வந்தான். “என்னா குரலுடா” என்று அவன்தான் முதலில் சொன்னான். குரலுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அந்த நோட்டில் இருந்த முதல் பத்து அதுதான்.

கடைக்கு வரும் இன்னொருவர் இயற்பியல் ஆசிரியர். எங்களைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கு முதலாமவர்தான் உளவாளி, மற்றவர்கள் எல்லாம் வேஷம் போட்டவர்கள். அவரவர் பதினெட்டிலிருந்து இருபது வயதுக்குள் யாரைப் பார்த்தார்களோ அவர்தான் அவரவருக்கு உளவாளி என்பது என் முடிவு. இதற்கு விதிவிலக்காக ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. என் மனைவியின் அளவுகோல் வேறு. தொலைக்காட்சியில் படம் ஓடும்போது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். “இவன் மாப்பிள்ளையா வந்தா ஒரு நாளும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட மாட்டான்” என்று முதலாமவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நான்காமவரைப் பற்றி, “இவனப் பெத்தவ பாவம்” என்றாள். இரண்டையும் நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

இனி பிளெக்ஸ் பற்றி. புதிய நடிகர் வரும்போதெல்லாம் அவரை வரவேற்று எங்கள் கடையின் சொந்தச் சுவரில் ஒரு பிளெக்ஸ் வைப்போம். இப்படி ஊரில் வேறு யாரும் செய்வதில்லை. அந்த நடிகர் புதுக்கோட்டை என்று ஒரு ஊர் இருப்பதை அறியாமலேயே செத்துப்போவார் என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நடுவில் அவர் படம், கீழே முட்டை வடிவ வட்டங்களில் எங்கள் முகங்கள், மேலே இடது மூலையில் ஆசி வழங்குவது போல முன்னோடி ஒருவரின் படம். கட்சிக்காரர்களின் பிளெக்ஸில் மறைந்த தலைவரை வைக்கும் இடம் அது. எங்கள் பிளெக்ஸில் அந்த மூலைக்கு யார் என்பதை என் நோட்டு சொல்லும். மொத்த மதிப்பெண் யாருக்கு அதிகமோ அவர். நான்காமவர் வந்தபோது அங்கே இருந்தவர் மூன்றாமவர். முகங்களின் வரிசையில் முதல் வட்டம் எனக்கு. நோட்டு என்னிடம் இருப்பதால் நண்பன் அப்படி வைத்தான்.

குவைத்காரர் தம் மகளின் காதணி விழாவுக்கு பிளெக்ஸ் அடிக்க வந்தவர். வெயிலில் வெளுத்துப்போய்ச் சுவரில் தொங்கிய அந்தப் பழைய நான்காமவரைப் பார்த்து நின்றிருக்கிறார். நண்பன் பேச்சு கொடுத்திருக்கிறான். விழா முடிந்தும் அவர் ஞாயிறுதோறும் வந்தார். இருபது வருடங்களுக்கு மேல் குவைத்தில் இருந்தவர். பெரிய திரையரங்குகளில், வெளியான அன்றே, ஆங்கிலத்தில் பார்த்தவர். ஒரு படத்தில் உளவாளி எந்த ஊர்ப் பாலத்தில் ஓடுகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சத்தமாகப் பேசமாட்டார். சொன்னது தவறு என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்வார். அவர்மீது குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே பெரிய எரிச்சலாக இருந்தது.

என் நாட்குறிப்பில் அந்த வாரங்களைப் புரட்டினால் எழுத வெட்கப்பட வேண்டிய சிறிய விஷயங்களாகத்தான் இருக்கின்றன. நண்பன் அவரைப் பார்த்த முதல் வாரத்திலேயே ‘அண்ணே’ என்றான். இரண்டாம் வாரம் அவருக்குச் சர்க்கரை குறைவாக டீ சொன்னான், அவர் கேட்பதற்கு முன்பே. எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். அது இரண்டு தடவை நினைவூட்டிய பிறகுதான் அவன் மனதில் நின்றது. நான்காம் வாரம், மழையில் திரையரங்கு ஒழுகியபோது நான் குடை பிடித்துக்கொண்டு சண்டைக் காட்சியைப் பார்த்த கதையை நண்பன் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அது நான் சொல்ல வேண்டிய கதை. அதைவிட, குடையை அவன் பிடித்ததாகச் சொன்னான்.

“கொடையப் பிடிச்சது நான்” என்றேன்.

“யாரு பிடிச்சா என்னா மாப்ள, நனைஞ்சது ரெண்டு பேருந்தான.”

குவைத்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டு பேரு ஒரு கொடைக்குள்ள படம் பாத்திருக்கீங்க. கொடுத்து வச்சவங்க சார்.”



மாசிக் கடைசியில் செய்தி வந்தது. ஐந்தாமவரை அறிவித்துவிட்டார்கள் என்று. எல்லோரும் அவரவர் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இளவயசுக்காரர், மூக்கு கொஞ்சம் நீளம். இயற்பியல் ஆசிரியர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

“இந்த மொகத்துக்குத் துப்பாக்கி எதுக்கு? டியூஷன் எடுக்கலாம்.”

“சார், நீங்க எடுக்கிறீங்கள்ல, அந்த மொகத்துக்கே ஆளு வருது” என்றான் நண்பன்.

“நான் எடுக்கிறது பிளஸ் டூ. இவன் அஞ்சாம் கிளாஸ் தாண்ட மாட்டான்.”

சிரித்து முடித்ததும் பிளெக்ஸ் பேச்சு வந்தது. நண்பன் கணினியில் ஒரு கண்ணீர் அஞ்சலியை ஓரமாக நகர்த்திவிட்டு வெற்றுப் பலகையைத் திறந்தான். ஐந்தாமவரை நடுவில் வைத்தான். பிறகு மேல் மூலையில் சுட்டியை நிறுத்தினான்.

“மேல யாரு? மூணா, நாலா?”

நான்காமவரின் படங்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகு வரும் முதல் பிளெக்ஸ் இது. அதனால்தான் அப்படிக் கேட்டான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது குவைத்காரருக்காகக் கேட்ட கேள்வியாகத் தெரிந்தது.

குவைத்காரர் நான்காமவரின் ஆள். மெதுவாகத்தான் சொன்னார். “என் அபிப்பிராயம்தாங்க. மத்தவங்க எல்லாம் உளவாளியா வந்தாங்க. நாலாவது ஆளு மனுஷனா வந்து உளவாளி ஆனாரு. அடி வாங்குனா வலிக்குதுன்னு தெரிஞ்சது. அங்க தனியா இருக்கிற எங்களுக்கு அது பெருசா இருந்துச்சு.”

“வலிக்கிறதப் பாக்கவா டிக்கெட் எடுத்தோம்?” என்றார் ஆசிரியர்.

நான் நோட்டைப் பற்றி மட்டும் பேசினேன். “நான்காமவருக்குக் குரல் கிடையாது. கரகரப்பு. கூட்டத்தில் பேசினால் காய்கறிக்காரன் மாதிரி இருக்கும். மூன்றாமவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிராளி உட்கார்ந்துவிடுவான்.”

குவைத்காரர் கொஞ்சம் யோசித்தார். “தமிழ்ல பேசுறது அவங்க குரல் இல்லீங்களே சார்.”

“அது தெரியும். ஆளுக்கேத்த மாதிரிக் குரல் போடுவாங்க.”

“இருக்கும். நான் தமிழ்ல பார்த்ததே இல்ல, தெரியாமச் சொல்லக் கூடாது.”

“நோட்டு என்ன சொல்லுதோ அதான்” என்று நண்பன் முடித்தான். “மாப்ள, அடுத்த ஞாயிறு நோட்டக் கொண்டா. படிச்சிரு. மேல யாருன்னு முடிவு பண்ணிருவோம்.”

அவன் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த இரண்டு மாதங்களில் முதல் முறையாக, பேருந்து பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தே போனேன்.

சனிக்கிழமை மதியம் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாமவர்: நடை ஒன்பது, குரல் பத்து, உடை ஒன்பது, சண்டை ஏழு, சிரிப்பு எட்டு, கதவு எட்டு. மொத்தம் ஐம்பத்தொன்று. நான்காமவர்: நடை ஒன்பது, குரல் நான்கு, உடை ஏழு, சண்டை பத்து, சிரிப்பு எட்டு, கதவு ஒன்பது. மொத்தம் நாற்பத்தேழு. கூட்டல் சரி. ஆனால் குவைத்காரரிடம் எதிர்க்கேள்வி வந்தால் பதில் தயாராக இருக்க வேண்டும் என்று கைப்பேசியில் இரண்டு படங்களின் தமிழ்ப் பிரதிகளையும் தேடி எடுத்தேன். மூன்றாமவர் முதல் முறையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடம். பிறகு நான்காமவர் அதையே செய்யும் இடம். ஒன்றை ஓட்டி, மற்றொன்றை ஓட்டி, மறுபடி முதலாவதை.

மனைவி உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் திரை தெரியாது.

“என்னங்க, அந்த ஆளு ஒரே பேச்ச எத்தன தரம் பேசுவாரு?”

“ஒரு ஆள் இல்லை. இரண்டு பேர்.”

“ரெண்டு பேரா? ஒரே குரலா இருக்கு. அந்த ‘ர’ சொல்றதப் பாருங்க, பல்லுல இடிச்சுச் சொல்றாரு.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவள் சொன்னது சரி. ஒரே மனிதர். ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, பெயர் வெளியே வராத ஒருவர், மூன்றாமவருக்கும் பேசியிருக்கிறார், சில வருடம் கழித்து நான்காமவருக்கும் பேசியிருக்கிறார். ஒரே தொண்டைக்கு நான் ஒரு தடவை பத்து போட்டிருக்கிறேன், ஒரு தடவை நான்கு.

நான்காமவரின் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். நான் திரையரங்கு, வரிசை, இருக்கை, வானிலை, உடன் வந்தவர் எல்லாம் எழுதுகிறவன். அந்தப் பக்கத்தின் தலையில் இருந்தது: “ஏழாம் வரிசை, பதினாலு. பதிமூன்று காலி. தனியாக.” அன்று நடந்தது முழுவதும் நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு நண்பன் தன் மச்சான்களோடு திருச்சிக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. நான் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு கடை வாசலில் நின்றபோதுதான், “அடடா, நான் பாத்துட்டேன் மாப்ள, செமயா இருக்கு” என்றான். நான் பரவாயில்லை என்றேன். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டு படம் பார்த்தேன். வீட்டுக்கு வந்து குரலுக்கு நான்கு போட்டேன். எதிரே, “கரகரப்பு; உளவாளிக்கு ஆகாது” என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். அந்த நான்கு யாருக்குப் போட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் அலுவலகத்தில், நிலத்தை அளந்து வரையும் புலப்படத்தில் ஒரு அளவு தவறாகிவிட்டால் அதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான அளவை எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பழைய எண்ணும் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்பதும் தெரிய வேண்டும். நோட்டிலும் அதே வழக்கம்தான். ஆனால் இதுவரை ஒரு திருத்தமும் வந்ததில்லை. நான்கை அடித்துவிட்டு என்ன எழுதுவது? மூன்றாமவரின் பத்தைக் குறைக்க எனக்கு மனம் வராது. நியாயமும் இல்லை, அந்தக் குரல் பத்துக்குத் தகுதியானது. அப்படியென்றால் இதுவும் பத்து. நான்காமவருக்கு ஐம்பத்துமூன்று. மூன்றாமவரைத் தாண்டிவிடுகிறார். மேல் மூலை அவருக்குப் போகிறது. குவைத்காரர் சொன்னது சரி என்று என் நோட்டே சொல்கிறது.

பேனாவை மூடி வைத்தேன். குவைத்காரர் தமிழ்ப் பிரதி பார்த்ததில்லை. ஆசிரியருக்கு முதலாமவரைத் தவிர யாருடைய குரலும் காதில் ஏறாது. நண்பன் எதையும் இரண்டாம் முறை பார்க்கிறவன் இல்லை. இந்த நான்கைப் பற்றித் தெரிந்தது எனக்கும் என் மனைவிக்கும்தான். அவள் அதற்குள் கீரைக்குத் தாளிக்கப் போய்விட்டாள்.

ஞாயிறு அன்று சீக்கிரமே போனேன், பத்து மணிக்கு. நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். குவைத்காரர் வந்து முக்காலியை இழுத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் நோட்டைத் திறந்து, இரண்டு பக்கங்களையும் தலைப்பு வாரியாகப் படித்தேன். குரல் என்ற இடத்தில் என் குரல் மாறாமல் பார்த்துக்கொண்டேன்.

“மூன்றாமவர் ஐம்பத்தொன்று. நான்காமவர் நாற்பத்தேழு.”

நண்பன் குவைத்காரரைப் பார்த்தான். அவர் நண்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அன்று தோல்வி என்று எடுத்துக்கொண்டேன்.

“சரிங்க” என்றார் அவர். “நோட்டு சொன்னா சரிதான். பழைய ஆளு மேல இருக்கட்டும், புது ஆளுக்கும் நல்லது.”

“என்ன அண்ணே, மல்லுக்கட்டாம விட்டுட்டீங்க?” என்றார் ஆசிரியர். அவருக்கு ஏமாற்றம்.

“எழுதி வச்சிருக்காருல்ல சார். எங்கிட்ட என்ன இருக்கு? பார்த்தேன், வந்தேன். ஒரு தேதிகூட ஞாபகம் இல்ல.”

மூன்றாமவர் மேல் மூலைக்குப் போனார். கீழே முதல் வட்டத்தில் என் முகம். குவைத்காரர் தமக்கு வட்டம் வேண்டாம் என்றார். நண்பன் கேட்கவில்லை, நான்காவதாக வைத்தான். பிரிண்டர் ஓடி முடிய இருபது நிமிடம் ஆனது. மை காயுமுன் தொட்டுவிடக் கூடாது என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஏணியில் ஏறிக் கட்டியவர் குவைத்காரர். கீழே நின்று, “எடது பக்கம் ஒரு இஞ்ச் எறங்கியிருக்கு” என்று சொன்னவன் நான். அவர் ஏற்றிக் கட்டினார்.

நான் வென்றிருந்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அலுவலகம் போகும்போதும் வரும்போதும் அந்தத் தெரு வழியாகவே போனேன். செவ்வாய் மாலை ஒரு விஷயம் கவனித்தேன். மேல் மூலையில் மூன்றாமவர் வாயை லேசாகத் திறந்து எதையோ சொல்ல வருகிறார். அது அறிமுகக் காட்சியில் எடுத்த படம். எனக்கு அந்த இடத்தில் வரும் குரல் கேட்டது, பல்லில் இடிக்கும் ‘ர’வோடு. அதற்கு முன் முப்பது வருடம் அந்தக் குரல் அவருடையதாக மட்டும்தான் இருந்தது.

நோட்டில் தவறு என்று தெரிந்த ஒரு எண் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. அது வேலைப் பழக்கம். அளவு தவறு என்று தெரிந்த புலப்படத்தை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. புதன் மாலை ஐந்தே முக்காலுக்கு நோட்டோடு கடைக்குப் போனேன். நண்பன் மட்டும் இருந்தான். ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான்.

“மாப்ள, ஒரு தப்பு நடந்திருச்சு. நான்காமவருக்குக் குரல்ல நாலு போட்டது தப்பு. ரெண்டு பேருக்கும் பேசுனது ஒரே ஆளு.”

அவன் திரும்பவே இல்லை. “ஆமா” என்றான்.

“என்ன ஆமா?”

“ஒரே ஆளுதான். திருச்சில பாக்கும்போதே தெரிஞ்சுச்சு. மச்சான்கிட்டச் சொன்னேன், நம்ம மூணாவது ஆளு கொரல்டான்னு.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தேன். நீ நாலுன்னு எழுதிட்டு வந்து நிக்கிற. ஒன்னய விட்டுட்டுப் போயிட்டேன்னு கோவம், தெரியாதா எனக்கு? போட்டுக்கட்டும், ஆறிரும்னு விட்டேன். அப்புறம் மறந்தே போச்சு.” இப்போது திரும்பினான். “போன வாரம் வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தாரு. தமிழ்ல எப்டி இருக்கும், கேக்கணும்னாரு. ரெண்டையும் போட்டுக் காட்டுனேன். கேட்ட ஒடனே சொல்லிட்டாரு, ஒரே ஆளுதானேன்னு.”

வெள்ளிக்கிழமை. நான் கண்டுபிடித்ததற்கு ஒரு நாள் முன்பு.

“அப்ப ஞாயித்துக்கிழமை நான் படிக்கும்போது ரெண்டு பேருக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் பேசாம இருந்தீங்க?”

“நான் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அண்ணன்தான் வேணாம்னாரு. முப்பது வருஷமா எழுதுற மனுஷன், நாலு பேரு முன்னாடி வச்சுக் கேக்கக் கூடாது, அவரே பாத்துச் சொல்லுவாருன்னாரு.” நண்பன் லேசாகச் சிரித்தான். “சொன்ன மாதிரியே வந்துட்ட.”

நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பிடி விரிசலில் விரல் சிக்கியது. சென்ற ஞாயிறு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இப்போது புரிந்தது. முப்பது வருடத்தில் நானும் நண்பனும் எத்தனையோ பேரைப் பற்றி அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதுவரை அதன் உள்ளேதான் இருந்திருக்கிறேன். அந்த மனிதர் என்னை வெல்லவிட்டிருக்கிறார். கோபப்பட ஏதாவது ஒரு காரணத்தை அவர் எனக்குக் கொடுத்திருக்கலாம்.

“பிளெக்ஸ் மாத்தணுமா?” என்றான் நண்பன். “மூலைய மட்டும் வெட்டி ஒட்டிரலாம். பத்து நிமிஷ வேல.”

“நோட்டு என்ன சொல்லுதோ அதான்.”

அவன் மேசையிலேயே நோட்டைத் திறந்து நான்கை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். பக்கத்தில் பத்து என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். கீழே நாற்பத்தேழை அடித்து ஐம்பத்துமூன்று. நண்பன் நான்காமவரின் சிறிய படம் ஒன்றை அடித்தெடுத்தான். இருவரும் வெளியே போனோம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அவன் ஏறினான். மூன்றாமவரின் மேல் நான்காமவரை ஒட்டினான்.

“எடது பக்கம் எறங்கியிருக்கா?” என்று மேலிருந்து கேட்டான்.

கொஞ்சம் இறங்கியிருந்தது. ஞாயிறு அன்று குவைத்காரர் ஏணியில் ஏறிக் கட்டியபோது நான் சொன்ன அதே ஒரு இஞ்ச்.

“இல்ல, சரியாத்தான் இருக்கு” என்றேன். அவர் வந்து பார்க்கட்டும். பார்த்தாலும் சொல்லமாட்டார் என்றும் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான்காமவரின் பக்கத்தில், திருத்தத்துக்கு எதிரே, என் வழக்கப்படி குறிப்பு எழுதினேன். கிழமை, நேரம், இடம், வெயில் தாழ்ந்திருந்தது. திருத்தத்தின் காரணம்: இருவருக்கும் ஒரே குரல். முன்பே அறிந்தவர்கள் என்று எழுதி, நண்பன், மனைவி, குவைத்காரர் என்று மூவரையும் குறித்தேன். மூன்றாவது பெயருக்கு எதிரே, “வெள்ளிக்கிழமை, எனக்கு ஒரு நாள் முன்னால்” என்று எழுதி, அந்த ஒரு நாளின் கீழே அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன்.